நேரம் எழுதிய பால்

பால் புளித்தால்தான் எனக்குச் சோறு.
எருமைப் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி
விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி
சட்டிகளுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டு
நிம்மதியாகத் தூங்குகிறவன்.
கிண்ணியாவில் யாரிடமும் கேளுங்கள்,
தயிர்க்கார றபாய்தீனின் மூக்கு
ஒரு மிடறில் மாடு எங்கே மேய்ந்ததென்று சொல்லும்.

இந்தப் பாலைக் காய்ச்சக் கூடாது என்றார்கள்.

ஏழாம் மாதமே வந்துவிட்டாள்.
ஒரு கிலோ இருநூறு.
திருகோணமலை பெரியாஸ்பத்திரியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள்.
காலில் கட்டிய துண்டில்
'மஃறூபாவின் குழந்தை',
அவ்வளவுதான் இப்போதைக்குப் பெயர்.

பகலில் தாய் பக்கத்தில் இருப்பாள்.
மூத்தவனுக்காக இரவு வீடு திரும்புவாள்.
இரவில் சுரப்பதைக் கொண்டுபோவது என் வேலை.

கோப்பையைக் கொதிநீரில் போட்டெடுத்து
முழங்கைவரை சவர்க்காரம் தேய்த்து
சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து பிழிந்தாள்.
முதல் நாள் ஒரு தேக்கரண்டி.
பசுநெய் மாதிரி மஞ்சள்.
"இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டேன்.
எருமைக்காரன் வாய்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வேளை அரைத் தேக்கரண்டி.

மச்சாள் போனில் பால்மா என்றாள்.
யாரோ தேன் என்றார்கள், நாக்கில் ஒரு துளி.
புவனலோஜினி மிஸ்ஸி இரண்டுக்கும்
தலையைக்கூட ஆட்டவில்லை.
"அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க.
தண்ணி குடிக்கச் சொல்லுங்க.
நீங்க வாயை மூடுங்க."

மீன்கார பவாஸிடம் இரவல் வாங்கிய
ரெஜிபோம் பெட்டியோடு போனேன்.
மூடியைத் திறந்தவள் முகத்தைத் திருப்பினாள்.
"சூரையா, கீரியா?"
அன்றே புதுப்பெட்டி வாங்கினேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
கடையில் கிடைத்தது கைப்பிடி ஐஸ்.
கிண்ணியாப் பாலத்தின் நடுவில் டயர் இறங்கிற்று.
இரண்டு பக்கமும் கடல்,
எத்தனை தண்ணீர், எல்லாம் இளஞ்சூட்டில்.
உருட்டினேன்.
நெஞ்சோடு பெட்டியை அணைத்துக்கொண்டால்
குளிராக இருக்கும் என்று நினைத்த முட்டாள் நான்.

"எத்தனை மணிக்குப் பிழிஞ்சது?"
ரெண்டரைக்கு.
சுவரில் ஒன்பது.
"ஐஸ்?"
போயிட்டுது.
"மணந்து பாருங்க மிஸ்ஸி, நல்லாத்தான் இருக்கு,
என்ர மூக்கு பொய் சொல்லாது."
"உங்கட மூக்குக்குத் தெரியிறது புளிப்பு.
கிருமி அதுக்கு முன்னமே வந்திரும்."

சொல்லிக்கொண்டே ஊற்றினாள், கைகழுவும் தொட்டியில்.
பதினெட்டு மில்லி.
அவளும் அதைப் பார்க்கவில்லை,
குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் நின்றாள்.

சட்டி சட்டியாய்த் தயிர் தெருவில் உடைந்திருக்கிறது.
வெள்ளத்தில் ஒரு பட்டி மாடு போயிருக்கிறது.
இப்படி என் முழங்கால் நடுங்கியதில்லை.

மஃறூபாவிடம் மறைக்கலாம் என்றுதான்
திரும்பும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.
வாசலில் சொல்லிவிட்டேன்.
அவள் கோப்பையை எடுத்து
அடுப்பில் வைத்தாள், கொதிக்க.

அன்றிரவு என் சட்டிகளைப் பார்த்தேன்.
எது நேற்று, எது முந்தநாள்,
எந்தச் சட்டி எந்தப் பிள்ளையின் சோற்றில்?
இருபது வருசமாக நான் விற்றது
என் மூக்கின் நம்பிக்கையை.
மூத்தவனின் பள்ளிப் பையில் மார்க்கர் இருந்தது.

சந்தையில் சிரித்தார்கள்.
"என்ன காக்கா, சட்டிக்குச் சாதகமா எழுதுறீங்க?"
எழுதினேன்.

நாற்பத்தோராம் நாள்
அவள் தானாகவே வாய்வைத்துக் குடித்தாள்.
நேரமில்லை, துண்டில்லை, பெட்டியில்லை.
கண்ணை மூடிக்கொண்டு,
ஒரு கை தாயின் சட்டைப் பொத்தானில்.
நான் வெளியே நின்றேன்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று
மிஸ்ஸிக்கு ஒரு சட்டி தயிர் கொண்டுபோனேன்.
நன்றி சொல்வாள் என்று பார்த்தால்
சட்டியைச் சுற்றித் திருப்பித்
தேடினாள், கண்டுபிடித்தாள்,
வாய்விட்டு வாசித்தாள்:
"திங்கள். இரவு எட்டரை."